சோற்றுக்கு முன் சொல்ல வேண்டியது

கௌசியா அக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் திருச்செங்கோட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவன். வாடிக்கையாளர் எந்த நிறத்தைக் கை காட்டினாலும் "சூப்பருங்க" என்று சொல்லியே இருபது வருடம் பிழைத்தவன். மஞ்சள் தாளில் ஊதா எழுத்தா, சூப்பருங்க. பிள்ளையாருக்கு ரோஸ் கலரா, அதுவும் சூப்பருங்க. அப்பேர்ப்பட்ட என் வாயிலிருந்து ஒரே ஒரு குறையைப் பிடுங்கி எடுக்க அக்காவுக்கு ஒரு வருடத்துக்கும் மேலே பிடித்தது. அதற்குள் ஒரு நல்ல மனிதரை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து நோகடித்துவிட்டோம்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. சேலம் கோட்டைப் பகுதியில் பிறந்து, நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, நாலு ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. ஆய்வேடுகளைப் பைண்டிங் செய்வது தொழில். கறுப்பு ரெக்ஸின் அட்டை, அதன்மேல் தங்க எழுத்து. கடையை ஆரம்பித்தவர் கணவர் பக்ருதீன் பாய். அப்போது அது வெறும் ஜெராக்ஸ் கடை. ஒரு மாணவர் வந்து "பைண்டிங் பண்ணுவீங்களா?" என்று கேட்க, பாய் இல்லையென்று தலையாட்டுவதற்குள் அக்கா முந்திக்கொண்டு "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். தெரிந்த வீட்டிலிருந்து ஒரு பழைய ஆய்வேட்டை இரவல் வாங்கி வந்து, அட்டையை உரித்து, நூலைப் பிரித்து, பசையைச் சுரண்டி, எது எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு அதையே திரும்பத் தைத்தார். உரியவரிடம் திரும்பிப் போனபோது அது முன்னைவிடக் கெட்டியாக இருந்ததாம். "பிரிச்சுப் பாக்காம எனக்கு எதுவும் புரியாதுப்பா" என்பார். அவர் குணத்தில் முக்கால்வாசி இதுதான்.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஓர் ஆய்வேட்டை இரண்டு முறை பைண்டிங் செய்ய வேண்டும். முதல் முறை மெல்லிய அட்டையில், சுலபமாகப் பிரிக்கிற மாதிரி. அதைத் தேர்வாளர்கள் படித்துவிட்டு வாய்மொழித் தேர்வில் குறை சொல்வார்கள். நாற்பத்திரண்டாம் பக்கத்துப் படம் தெளிவில்லை, நூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஆதாரம் எங்கே, இப்படி. அதையெல்லாம் திருத்திக் கொண்டுவந்த பிறகுதான் கெட்டி அட்டையும் தங்க எழுத்தும். பழைய பிரதியைப் பிரிக்கும்போது தேர்வாளர்கள் பென்சிலில் எழுதிய திருத்தச் சீட்டுகள் உள்ளே கிடக்கும். பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதைக் கேட்டு வரமாட்டார்கள். அக்கா பெயர் இருக்கிற ஓரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, சீட்டை மட்டும் ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைப்பார். எதற்கு என்று கேட்டேன். "திட்டுறதக்கூட எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாரு" என்றார்.

நான் அவர் கடைக்குப் போனது என் சொந்தப் பைத்தியத்துக்காக. பத்திரிகை அச்சடித்து மிச்சமாகிற மையில் நானே படம் அச்சடித்து, மடித்து, ஒரே ஒரு பிரதியாகப் புத்தகம் செய்துகொண்டிருந்தேன். கதைப் புத்தகமோ பாடப் புத்தகமோ அல்ல. தாள், மை, மடிப்பு, தையல் எல்லாம் சேர்ந்து விஷயத்தைச் சொல்ல வேண்டும், அந்த மாதிரி. தமிழ்நாட்டிலேயே இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அக்கா என் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "உன்னை மாதிரி இன்னும் மூணு பேரு இங்க வந்து போறாங்க தமிழு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததில்ல. செஞ்சு செஞ்சு பீரோவுல வெச்சு யாருக்குக் காட்டப் போறீங்க? ஒருநாள் எல்லாரும் வாங்க, மேஜையில வெச்சுப் பேசுவோம்" என்றார்.

அப்படித்தான் இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூனில் அந்த மேஜை ஆரம்பித்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு, அக்கா வீட்டு மாடி. சேந்தமங்கலத்திலிருந்து ஓவிய ஆசிரியை பிரவீனா வருவார். லினோலியம் என்கிற தரைவிரிப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடுபவர். ஜலகண்டாபுரத்திலிருந்து குமரன், தறிக்காரர், பாவில் மிஞ்சிய பட்டு நூலில் புத்தகம் தைப்பவர். நாமக்கல்லிலிருந்து சின்னண்ணன். அவர்தான் எங்களில் மூத்தவர், அறுபதைத் தொட்டவர். லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வண்டிக்கு எழுத்தும் படமும் எழுதுவது அவர் வேலை. அவர் எழுதிய புலிகளும் தாமரைகளும் இந்தியா முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் மட்டும் சேலத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை.

எங்கள் தப்பு என்ன என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பக்ருதீன் பாய் கை பிரியாணி அப்படி. பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்ததும் பேச்சு, கேலி, பிறகு பன்னிரண்டரைக்கு இலை. கத்தரிக்காய் தால்ச்சா, தயிர்ப் பச்சடி, போதும் போதும் என்று கையை மறிக்க மறிக்க இன்னொரு கரண்டி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் மேஜைமேல் புத்தகங்கள் வரும். எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அதே வீட்டில் உட்கார்ந்து இன்னொருவர் முகம் வாடுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல எவனுக்கு நாக்கு வரும்? "அருமைங்க", "நெம்ப நல்லா வந்திருக்குதுங்க", "இதுக்கு மேல என்னங்க வேணும்" என்று ஏப்பம் விட்டபடி பாராட்டிக்கொண்டோம். அக்காவும் அப்படித்தான். வந்தவர்கள் விருந்தாளிகள், விருந்தாளியைக் குறை சொல்வாரா?

அடுத்த பிப்ரவரியில் சின்னண்ணன் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பெயர் 'டிரைவர் சொன்னது'. முட்டை லோடு ஏற்றி நாமக்கல்லிலிருந்து குவாஹாத்தி வரை போகிற டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு, வழியில் இருக்கும் ஊர்களை வண்டியின் முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி பக்கத்துக்கு ஓர் ஊராக எழுதியிருந்தார். தடித்த அட்டைத் தாளில், லாரிக்கு அடிக்கிற அதே எனாமல் பெயிண்டில். மேலட்டை தகரம், நாலு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். நாக்பூர்ப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டம், அப்படி ஒரு ஆரஞ்சை நான் எந்த மையிலும் பார்த்ததில்லை. உண்மையாகவே அற்புதமான புத்தகம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும், பிளாஸ்திரி உரிக்கிற மாதிரி சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. பெயிண்டும் பெயிண்டும் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

எல்லோருக்கும் கேட்டது. பிரவீனா என்னைப் பார்த்தார். நான் குமரனைப் பார்த்தேன். குமரன் மின்விசிறியைப் பார்த்தார். சின்னண்ணன் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில், "சூப்பருங்கண்ணா" என்று சொன்னது நான்தான்.

அந்தப் புத்தகத்தைப் பெங்களூரில் கையால் செய்த புத்தகங்களுக்கான ஒரு கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏப்ரல் மாதக் கடும் வெயிலில், பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். சேலத்தைத் தாண்டி வாழ்நாளில் முதல் பயணம். அங்கே ஒரு பெண்மணி ஆசையாகத் திறந்திருக்கிறார். ஐதராபாத்துக்கு அப்புறம் நாக்பூர் வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் வந்தது. ஆனால் பாதி ஆரஞ்சுத் தோட்டம் உரிந்து ஐதராபாத் மேலேயே தங்கிவிட்டது. அதற்கடுத்த பக்கங்கள் திறக்கவே இல்லை. அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூன்று நாள் வருகிறவர்கள் எல்லோரும் தகர அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் சின்னண்ணன் புதுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் நேராக நாமக்கல் போகவில்லை. சேலத்தில் இறங்கி அக்கா கடைக்கு வந்தார். ஏதோ வேலையாக நானும் அன்று அங்கே இருந்தேன். புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. ரெண்டு மாசத்துக்கு முந்தி உங்க ஊட்டுல இதப் பிரிக்கையில ஒரு சத்தம் வந்துச்சல்லங்க. உங்குளுக்குக் கேக்கலீங்களா?"

அக்கா தலை குனிந்துகொண்டார். "கேட்டுச்சுங்கண்ணா."

"என்ன பண்ணியிருக்கோணுமுன்னு தெரியுமுங்களா?"

"தெரியும். பக்கத்துக்குப் பக்கம் முதுகுல ஒரு அட்டைப் பட்டை வெச்சுத் தெச்சிருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஒரு நாள் வேலை."

"அப்பறம் ஏனுங்க சொல்லுல?"

"நீங்க சாப்பிட்டுச் சந்தோஷமா உக்காந்திருந்தீங்கண்ணா. மனசு வரல" என்றார் அக்கா.

"செரிங்க" என்றார் சின்னண்ணன். பாய் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். "வேண்டாமுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏப்ரல் வெயிலில் எங்கள் பக்கத்து மனுஷன் ஒரு வீட்டில் நீட்டிய தண்ணீரை மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா சொம்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மே மாதக் கூட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் போன் வந்தது. "இனிமே பேச்சு முதல்ல, சோறு கடைசியில. சம்மதம்னா வாங்க."

கூட்டத்தன்று முதலில் பொங்கியது நாங்கள் அல்ல, பக்ருதீன் பாய். "ஊருல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. பட்டினி போட்டுச் சண்டை போடச் சொல்றியா? நம்ம வீட்டுல இப்படி ஒரு வழக்கம் உண்டா?" என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

"வயிறு நெறஞ்சா வாய் அடைச்சுக்குது. அதனால ஒரு மனுஷன் நடுச்சபையில நின்னுட்டு வந்துட்டாரு. நீங்க போய் அடுப்பப் பாருங்க" என்றார் அக்கா. பாய் போய் அடுப்பைப் பார்த்தார். வாசனை மட்டும் எங்களோடு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு அக்கா சொன்ன முறை முழுக்க அவர் கடையிலிருந்து வந்ததுதான். கெட்டி அட்டை போட்ட புத்தகத்தை யாரும் கொண்டுவரக் கூடாது. ஒற்றை நூலில் கோத்து, பிரிக்கிற மாதிரிதான் கொண்டுவர வேண்டும். "முடிஞ்சு போனதுன்னா சொல்றவனுக்கும் வாய் வராது, கேக்குறவனுக்கும் காது வராது" என்றார். குறை சொல்கிறவர் முதலில் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும், அதன்பிறகு அந்தப் பக்கத்தில் தனக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். மொத்தத்தில் சரியில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. எல்லோரும் பேசி முடிக்கிறவரை புத்தகம் செய்தவர் வாய் திறக்கக் கூடாது. 'நல்லா இருக்கு' என்றால் அதற்கும் பக்க எண் உண்டு.

சொன்னதோடு நிற்கவில்லை. புத்தக முதுகைத் தட்டி உருட்டுகிற மரச் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டார். குமரனின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நான் பழக்க தோஷத்தில் "சூப்பருங்க" என்றேன். மேஜைமேல் சுத்தியல் விழுந்தது. "எத்தனாவது பக்கம்?" என்றார் அக்கா. எனக்குத் தெரியவில்லை; நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அன்றுதான் அதை எனக்கே ஒப்புக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் சிரமம்தான். பிரவீனா கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் எழுபது மடிப்புகளாக ஒரு நீளப் புத்தகம் செய்து வந்திருந்தார். குமரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பக்கம் நாப்பதுக்கு மேல எனக்குக் கை மட்டும்தான் வலிக்குதுங்க, கண்ணுக்கு ஒண்ணும் நடக்குல" என்றார். பிரவீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விதிப்படி வாய் திறக்கக் கூடாது; துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்று பிரியாணியையும் பாதியில் வைத்துவிட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த மாதம் வந்தார். மடிப்புகள் மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போய், கடைசியில் விரல் அகலத்தில் நின்றன. திருப்பும்போது நிஜமாகவே மூச்சு வாங்கியது. "பக்கம் நாப்பதுங்க குமரன்" என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். இருவரும் சிரித்த சிரிப்பில் பாய் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

என் முறையும் வந்தது. பதினோரு நிறத்தில் நான் செய்திருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "பக்கம் ஆறுல அஞ்சு கலர் வேலையே செய்யல தமிழு. கடையில மை மிச்சமிருந்துச்சுன்னு அடிச்சியா?" என்றார் அக்கா. மை மிச்சமிருந்தது உண்மை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் நான் விசில் அடித்துக்கொண்டே போனேன். ஒருவர் நம் புத்தகத்தை ஆறாம் பக்கம் வரை உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! இருபது வருட 'சூப்பருங்க'வில் அது எனக்கு ஒரு தரம்கூடக் கிடைத்ததில்லை.

மேஜை சூடு பிடித்துவிட்டது. வாழப்பாடியிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் புதிதாக ஆட்கள் வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கா ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்தார். யாராவது தெரியாமல் அதில் உட்காரப் போனால் "அது சின்னண்ணன் இடம்" என்பார். சின்னண்ணன் போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் "பாக்கலாமுங்க" என்பதோடு சரி.

செப்டம்பரில் ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "நாமக்கல் போயிட்டு வா தமிழு. அவரு புத்தகம் எதுவும் கொண்டுவர வேண்டாம். நான் ஒண்ணு செஞ்சிருக்கேன். அதக் குத்தம் சொல்றதுக்கு அவரு வரணும்னு சொல்லு. வேற யாரு சொன்னாலும் எனக்குச் சரிவராது."

பட்டறையில் சின்னண்ணன் ஒரு புதுப் பாடிக்குக் கிளி எழுதிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு தகரப் பலகைமேல் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் அது பலகை அல்ல, 'டிரைவர் சொன்னது'. தகர அட்டை முழுக்க நீலமும் பச்சையும் வழிந்து காய்ந்திருந்தது. இந்த மனுஷன் இனி புத்தகமே செய்யப் போவதில்லை என்று அப்போது நினைத்தேன். அதற்கு நாங்கள்தான் காரணம் என்பதும் நன்றாகத் தெரிந்தது.

அக்கா சொன்னதைச் சொன்னேன். எங்கள் புது விதிகளையும் சொன்னேன்: ஒற்றை நூல், பக்க எண், கடைசியில் சோறு. சோறு கடைசியில் என்றதும் தூரிகை நின்றது.

"பாய் ஒத்துக்கிட்டாருங்களா?"

"அடுப்படியில இருந்து இன்னும் திட்டிக்கிட்டுத்தானுங்க இருக்கறாரு."

சின்னண்ணன் உதட்டுக்குள் சிரித்த மாதிரி இருந்தது. "பாக்கலாமுங்க" என்றார்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு, பதினொன்றே கால் மணிக்கு மாடிப்படியில் அவர் தலை தெரிந்தது. கையில் எதுவும் இல்லை. அக்கா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தார். தண்ணீர் நீட்டப் போன பாயை அக்கா கண்ணாலேயே தடுத்தார், முதலில் பேச்சு.

பிறகு அக்கா தன் புத்தகத்தை எடுத்து வைத்தார். எங்களுக்கெல்லாம் திக்கென்றது. கறுப்பு ரெக்ஸின், தங்க எழுத்து, முழுக் கெட்டி பைண்டிங். மற்றவர்களுக்குச் சொன்ன விதியை அவரே மீறியிருந்தார். பெயர் 'திருத்தங்கள்'. இருபது வருடமாகப் பெட்டியில் சேர்த்த தேர்வாளர்களின் சீட்டுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்தார். 'இதை யார் சொன்னது?' 'இந்த முடிவுக்கு அவசரம் ஏன்?' 'நன்று, ஆனால் இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவும்.' பென்சில் எழுத்துகள், ஓரங்களில் டீக் கறை. ஒரு சீட்டுகூட நூலிழை சாயவில்லை. திறந்தால் மேஜைமேல் தட்டையாகப் படுத்தது. பைண்டிங் என்றால் அப்படி ஒரு பைண்டிங்.

சின்னண்ணன் மெதுவாகக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

"பக்கம் ஒண்ணுல இருந்து அறுவத்தி நாலு வரைக்குமுங்க" என்று ஆரம்பித்தார். "எல்லாம் அடுத்தவங்க சொன்ன குத்தம். நெம்ப நேர்த்தியா ஒட்டியிருக்கறீங்க. ஆனா அம்மிணி, நீங்க சொன்னது ஒண்ணுகூட இதுல இல்லீங்க."

அக்கா வாய் திறக்கவில்லை. விதி.

"நீங்க ஒண்ணு சொல்லியிருக்கோணும். தெரிஞ்சும் சொல்லாம உட்டுட்டீங்க. இந்தப் பெட்டியில இருக்கற எந்தச் சீட்டையும் உட எனக்கு அந்தச் சீட்டுத்தான் வேணுமுங்க. அது இல்லாம இதுக்கு அட்டை போட்டது தப்புங்க. அவ்வளவுதானுங்க."

மற்றவர்கள் பேச வேண்டிய முறை. சின்னண்ணன் சொன்னதே போதும் என்று தலையாட்டினோம். அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன, மறைக்கவும் முயலவில்லை. எழுந்து போய்க் கத்தியை எடுத்து வந்தார். அத்தனை அழகான முதுகில், நாங்கள் பதறப் பதற, மேலிருந்து கீழாக ஒரே கீறலாகக் கீறினார். ரெக்ஸின் அட்டையைக் கழற்றித் தூரப் போட்டார். வெறும் தாள்கள் மட்டும் கையில் இருந்தன. ஒரு வெள்ளைச் சீட்டையும் பென்சிலையும் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதினார்:

'பக்கம் ஒன்பது, நாக்பூர். பிரிக்கும்போது சத்தம் வருகிறது. வெயிலில் ஒட்டும். முதுகில் பட்டை வைத்துத் தைத்த பிறகே பெங்களூர் கொண்டுபோகவும். கௌசியா.' அதன்கீழே பிப்ரவரிக் கூட்டத்தின் தேதியைப் போட்டார்.

அதைத் தாள்களின் நடுவே வைத்து, ஊசியில் ஒற்றை நூல் கோத்து நாலே தையலில் கட்டி சின்னண்ணன் முன்னால் தள்ளினார்.

சின்னண்ணன் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "பாய், கீழ கடையில ஒரு மஞ்சப்பை வெச்சுட்டு வந்தனுங்க. கொஞ்சம் எடுத்தாறீங்களா?" என்றார்.

"அதுல என்னங்கண்ணா?" என்றேன் நான், அவசரக்குடுக்கை.

"அம்மிணி எம்பட வார்த்தையத் தாங்குச்சுன்னா மேல கொண்டாரலாமுன்னு இருந்தனுங்க. இல்லாட்டி அப்படியே ரெண்டரை மணி பஸ்ஸப் புடிச்சிருப்பன்."

பையிலிருந்து வந்தது 'டிரைவர் சொன்னது'. தகர அட்டை இல்லை, போல்ட் இல்லை. பக்கங்களைப் புதிதாக எழுதி, நடுநடுவே முதுகில் அட்டைப் பட்டை வைத்து, லாரித் தார்ப்பாய் தைக்கிற முரட்டு நூல் ஒன்றில் கோத்திருந்தார். ஐதராபாத்தையும் நாக்பூரையும் மட்டும் புதிதாக எழுதவில்லை. ஆரஞ்சுத் தோட்டம் பாதி உரிந்து, மீதி ஐதராபாத் மேல் ஒட்டியிருந்த அதே இரண்டு தாள்கள்.

அக்கா முதல் பக்கத்தைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினார். சத்தம் இல்லை. எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு மட்டும் வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் திருப்பினார்.

"பக்கம் நாலுங்கண்ணா" என்றார். "டிரைவர் சீட்டுல இருந்து பாக்குற மாதிரி இல்ல இது, கிளீனர் பக்கத்துல இருந்து பாக்குற மாதிரி இருக்கு."

"பக்கம் பன்னெண்டு" என்றார் பிரவீனா.

"பக்கம் ஏழுங்க" என்றேன் நான். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சூப்பருங்க வரவில்லை. "அந்தப் பச்சை அங்க வேலை செய்யலீங்கண்ணா."

ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. மொத்தம் பத்தொன்பது பக்கங்களைப் பற்றிச் சொன்னோம். ஒட்டிப்போன நாக்பூரை மட்டும் யாரும் தொடவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று குமரன் பக்க எண்ணோடு சொன்னார். சின்னண்ணன் விதிப்படி வாயே திறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, பீடிக்கட்டின் உறையில் எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். பாய் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு, பிரியாணி அடி பிடிக்கிறது என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் அக்கா, "அவ்வளவுதாங்கண்ணா. இப்ப நீங்க பேசலாம்" என்றார்.

சின்னண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"தண்ணி குடுங்க அம்மிணி" என்றார். "பொறகு சோத்தப் போடுங்க. பசிக்குது."